வருத்தம் என்றால் கவலை இல்லை: டொச் வைத்தியரிடம் கூகிள் ட்ரான்ஸ்லேட்டோடு போகலாமா?

ஜேர்மனிக்குப் படிக்கவோ தொழிற்பயிற்சிக்கோ போவதற்காகக் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் டொச் (ஜேர்மன் மொழி) வகுப்புக்குப் போகிற வன்னிப் பிள்ளைகளின் பி1 (இடைநிலை) புத்தகத்தில் வைத்தியரிடம் போவது பற்றி ஒரு பாடம் வரும். தலை, வயிறு, காய்ச்சல், மருந்துச்சீட்டு என்று இருபது முப்பது சொல். ஜேர்மனியில் ஒரு தனியறையில் உடம்பு 39 பாகையில் கொதிக்கிறபோது அந்த முப்பதில் மூன்றுகூட வாயில் வராது. அப்போது கை போகிற இடம் போன்தான். இந்த மதிப்பீடு அந்த நேரத்துக்கானது: கூகிள் ட்ரான்ஸ்லேட் செயலி, தமிழிலிருந்து டொச்சுக்கு, நோயாளியின் கையில் எவ்வளவு உதவும்?

முடிவை முதலே சொல்லிவிடுகிறோம். மருந்துக்கடையில் நன்றாக உதவும். வைத்தியரின் அறையில், முன்கூட்டியே ஆயத்தம் செய்திருந்தால் உதவும். அவசர அழைப்பிலும், சத்திரசிகிச்சைக்குக் கையெழுத்து வைக்கிற இடத்திலும் அதை மட்டும் நம்பி நிற்கக் கூடாது. இன்னொன்று: வன்னிப் பிள்ளை இதைப் பாவிக்கும்போது பிழை பெரும்பாலும் டொச் பக்கத்தில் வருவதில்லை. உள்ளே போடுகிற தமிழில்தான் வருகிறது.

செயலி இலவசம். தட்டச்சு, பேச்சு, உரையாடல், கமரா நான்கும் தமிழுக்கு உண்டு. தமிழையும் டொச்சையும் தரவிறக்கி வைத்தால் இணையம் இல்லாமலும் எழுத்தை மொழிபெயர்க்கும். ஜேர்மனியின் சட்டபூர்வ மருத்துவக் காப்புறுதி மொழிபெயர்ப்பாளருக்குப் பணம் தருவதில்லை. ஆகவே வைத்தியர் உங்களுக்கு ஒருவரை ஏற்பாடு செய்வார் என்று எதிர்பார்த்துப் போக வேண்டாம். டோர்ட்முண்டில் இருக்கிற மாமியைப் போனில் பிடித்து மொழிபெயர்க்கச் சொல்லலாம்தான். ஆனால் சலக்கடுப்பையும் மாதவிடாய்ச் சிக்கலையும் மாமியின் காதுக்குள்ளால் வைத்தியருக்குச் சொல்ல எத்தனை பிள்ளைகள் முன்வருவார்கள்? சொல்லாமல் விட்டு, வருத்தம் முற்றிய பிறகு போவதைவிட இந்தச் செயலி எவ்வளவோ மேல். எங்கள் பார்வையில் அதன் மிகப் பெரிய நன்மை இதுதான்.

இனி அந்தத் தமிழ்ப் பிரச்சினை. செயலி பழகியது இணையத்தில் கிடக்கிற எழுத்துத் தமிழில். அதில் பெரும்பங்கு இந்தியத் தமிழ். நாங்கள் "எனக்கு வருத்தம்" என்றால் உடம்புக்குச் சரியில்லை என்று பொருள். அங்கே வருத்தம் என்றால் கவலை, துக்கம். வைத்தியர் உங்கள் மனநிலையை விசாரிக்கத் தொடங்குவார். "சத்தி வருது" என்றால் எங்களுக்கு வாந்தி. வெளியில் அது சக்தியின் பேச்சு வடிவம். "கை விறைக்குது" என்று நாங்கள் சொல்வது மரத்துப்போவதை, எழுத்துத் தமிழில் விறைப்பு என்றால் இறுக்கம். நரம்பு வைத்தியருக்கு இந்த இரண்டும் இரண்டு வேறு நோய்க்குறிகள். "நாரி நோகுது" என்பதில் நாரியை இடுப்பாக எடுக்குமா பெண்ணாக எடுக்குமா என்று நம்பிக்கையோடு சொல்ல முடியாது. இடுப்பின் பின்பக்கம், முதுகின் கீழ்ப்பகுதி என்று எழுதிவிடுங்கள்.

மாற்றி எழுத வேண்டிய சொற்கள் இன்னும் இருக்கின்றன. தடிமனுக்குச் சளி. வயிற்றாலை போகிறதுக்கு வயிற்றுப்போக்கு. முட்டு, இழுப்பு என்பவற்றுக்கு ஆஸ்துமா அல்லது மூச்சுத்திணறல். சலம் கடுக்குது என்பதற்குச் சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல். உளைவுக்கு வலி. சலரோகத்துக்கு நீரிழிவு. செங்கமாரிக்கு மஞ்சள் காமாலை. நெருப்புக்காய்ச்சலுக்கு டைபொயிட். எலிக்காய்ச்சலுக்கு லெப்டோஸ்பைரோசிஸ் என்றே எழுத வேண்டும். எலி கடித்து வருகிற காய்ச்சல் என்று வேறொரு நோய் இருப்பதால் நேர்மொழிபெயர்ப்பு வைத்தியரை வேறு பாதையில் கொண்டுபோகும். "சுகமில்லை" என்பதை எழுதவே வேண்டாம். எங்கள் பெண் பிள்ளைகள் மாதவிடாய்க்கும் அதையே சொல்வார்கள், செயலிக்கு அது விளங்காது.

சின்னமுத்துக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை. எங்கள் சுகாதாரப் பதிவுகளில் சின்னமுத்து என்றால் மீசில்ஸ். இந்தியத் தமிழில் மீசில்ஸ் தட்டம்மை, சின்னம்மை என்பது எங்கள் கொப்பளிப்பான். இரண்டு சொல்லும் ஒலியில் அக்கம்பக்கம், நோயோ வேறு வேறு. தாதியர் பயிற்சிக்காகப் போகிறவர்களுக்கு இது வெறும் சொல் ஆராய்ச்சி இல்லை. ஜேர்மனியில் 2020 மார்ச்சிலிருந்து நடைமுறையில் உள்ள சட்டப்படி, 1970க்குப் பிறகு பிறந்தவர்கள் வைத்தியசாலைகளில் வேலை செய்ய மீசில்ஸ் பாதுகாப்புக்குச் சான்று காட்ட வேண்டும். டொச்சில் அதன் பெயர் மாசர்ன். 2009 இடப்பெயர்வில் பிள்ளைகளின் தடுப்பூசி அட்டையைத் தொலைத்த குடும்பங்கள் வன்னியில் ஏராளம். அட்டை இல்லாதவர்கள் "தட்டம்மைக்கு எதிர்ப்புச் சக்தி உள்ளதா என்று இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும்" என்று எழுதிக் காட்டலாம். அல்லது ஊசியை மறுபடி போட்டுக்கொள்ளலாம்.

சொல்லுக்கு அடுத்தது வாக்கியம். எங்கள் பேச்சில் எதிர்மறை சொல்லின் வாலில் ஒட்டிக்கொண்டு வரும்: போடேல்ல, இறங்கேல்ல, ஏலாது. செயலி அந்த வாலைத் தவறவிட்டால் "குளிசை போடவில்லை" என்பது "குளிசை போட்டேன்" ஆகிவிடலாம். ஒரு உதாரணம் பாருங்கள். வாயில் வருகிறபடி இப்படிப் போடுவோம்: "மூண்டு நாளா காய்ச்சல், உடம்பெல்லாம் உளையுது, சாப்பாடு ஒண்டும் இறங்கேல்ல, சத்தி வாற மாதிரிக் கிடக்கு." அதையே இப்படி உடைத்து எழுத வேண்டும்: "எனக்கு மூன்று நாட்களாகக் காய்ச்சல் உள்ளது. உடல் முழுவதும் வலிக்கிறது. என்னால் சாப்பிட முடியவில்லை. எனக்குக் குமட்டல் உள்ளது. நான் வாந்தி எடுக்கவில்லை." ஒவ்வொன்றும் தனி வாக்கியம், ஒவ்வொன்றிலும் எனக்கு, என்னால், நான் என்று ஆள் நிற்கிறது, முடிவில் முற்றுப்புள்ளி. பள்ளிக்கூடக் கட்டுரை மாதிரி இருக்கிறதே என்று கூச்சப்பட வேண்டாம். செயலிக்கு அந்தத் தமிழ்தான் விளங்கும்.

"பெனிசிலின் எனக்கு ஒத்துவராது" என்பதும் அபாயமான வாக்கியம். ஒத்துக்கொள்வது என்றால் உடன்படுவது என்றும் பொருள் இருக்கிறது. "எனக்குப் பெனிசிலின் ஒவ்வாமை உள்ளது" என்று எழுதுங்கள். சோதனைக்காலத்தில் "மெடிக்கல் வேணும்" என்றால் எங்கள் வளாகங்களில் எல்லாருக்கும் விளங்கும், செயலிக்கு விளங்காது. "இன்று எனக்குப் பரீட்சை உள்ளது. காய்ச்சல் காரணமாக என்னால் எழுத முடியாது. பரீட்சைக்கான மருத்துவச் சான்றிதழ் தேவை." டொச்சில் கேட்க வேண்டிய சொல் ஆட்டெஸ்ட். வேலைக்குக் கொடுக்கிற சுகவீனச் சீட்டு வேறு, பரீட்சைக்கான ஆட்டெஸ்ட் வேறு. பல பல்கலைக்கழகங்கள் இதற்குச் சொந்தப் படிவம் வைத்திருக்கின்றன, அதைத் தரவிறக்கிக் கையோடு கொண்டுபோக வேண்டும். வருத்தம் வந்த அன்றே போகவும் வேண்டும். பின்தேதியிட்டு வாங்கலாம் என்று இருந்து பரீட்சையை இழக்காதீர்கள்.

எழுதியதைச் சரிபார்க்கிற வழி: தமிழிலிருந்து முதலில் ஆங்கிலத்துக்குப் போட்டு வாசியுங்கள். உயர்தரம் முடித்த பிள்ளைக்கு இந்த அளவு ஆங்கிலம் விளங்கும். ஆங்கிலம் சரியாக இருந்தால் அந்த ஆங்கிலத்தையே டொச்சுக்கு மாற்றுங்கள். ஆங்கில–டொச் சோடி தமிழ்–டொச் சோடியைவிட உறுதியானது. டொச்சை மறுபடி தமிழுக்குத் திருப்பிப் பார்ப்பதும் நல்லதுதான், ஆனால் அது மட்டும் போதாது. பிழையான சொல் சிலவேளை பிழையோடேயே அழகாகத் திரும்பி வரும். சரியென்று கண்ட வாக்கியங்களை நட்சத்திரக் குறியை அழுத்திச் சேமித்துவிடுங்கள். இதெல்லாம் காய்ச்சல் வருவதற்கு முன், உடம்பு நன்றாக இருக்கும்போது செய்கிற வேலை.

இப்போது வைத்தியர் பக்கத்திலிருந்து வருகிற டொச். இங்கே செயலியின் தடுமாற்றம் வேறு வகை. இரட்டைப் பொருள் உள்ள சாதாரணச் சொற்கள்தான் காலை வாருகின்றன. ஊபர்வைசுங் என்றால் விசேட வைத்தியரிடம் அனுப்புகிற கடிதம். வங்கியில் பணம் அனுப்புவதற்கும் அதே சொல். வரவேற்பு மேசையில் "ஊபர்வைசுங் வேண்டுமா?" என்று கேட்க, திரையில் பணப் பரிமாற்றம் என்று வந்தால் காசு கேட்கிறார்கள் என்று பயப்பட வேண்டாம். நூஷ்டர்ன் என்றால் வெறும் வயிறு, மதுபோதை இல்லாத நிலைக்கும் அதுதான் சொல். "நாளைக் காலை இரத்தம் எடுக்க நூஷ்டர்னாக வாருங்கள்" என்றால் சாப்பிடாமல் போக வேண்டும். நான் குடிப்பதில்லைத்தானே என்று இரண்டு பாண் துண்டு சாப்பிட்டுவிட்டுப் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ப்ராக்ஸிஸ் பயிற்சி என்று வரலாம், அது வைத்தியரின் கிளினிக். கிரைஸ்லவுப் பிரச்சினை என்றால் இரத்த ஓட்டத்தில் பெரிய கோளாறு போலத் தமிழில் தெரியும். அவர்கள் அன்றாடம் சொல்வது பிறஷர் குறைந்து தலை சுற்றுவதைத்தான்.

நேரம் கேட்கும்போது இன்னும் கவனம் வேண்டும். "ஹால்ப் நொயின்" என்றால் எட்டரை. எங்கள் ஒன்பதரை போலவே, ஒன்பதோடு அரை என்று காதில் விழும். அவர்களுக்கு அது ஒன்பதை நோக்கிய அரை. ஒரு மணிநேரம் பிந்திப் போனால் டெர்மீன், அதாவது சந்திப்பு நேரம், போய்விடும். சந்திப்பு நேரத்தை எப்போதும் தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். காய்ச்சலையும் பாரன்ஹைட்டில் சொல்லாதீர்கள். எங்களுக்குப் பழகிய 101 அவர்களுக்கு 38.3. அவர்கள் எழுதும்போது புள்ளி இருக்காது, காற்புள்ளி இருக்கும். நோவைக் "கொஞ்சம்", "சரியான நோ" என்று சொல்வதைவிடப் பூச்சியத்திலிருந்து பத்துக்குள் ஒரு எண்ணாகச் சொல்வது நல்லது, அவர்களும் அப்படித்தான் கேட்பார்கள்.

உரையாடல் முறையில், வைத்தியர் ஒரே மூச்சில் நான்கு வாக்கியம் பேசினால் செயலி இரண்டைத்தான் பிடிக்கும். "ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பிறகு நிறுத்துங்கள்" என்பதை முதலில் காட்டுங்கள். முக்கியமானதைத் தட்டச்சு செய்யச் சொல்வது இன்னும் நல்லது. அதற்குப் போனில் டொச் விசைப்பலகையை முன்கூட்டியே சேர்த்திருக்க வேண்டும். தமிழ் எழுத்துகளோடு போனை நீட்டினால் அவர் என்ன செய்வார்? உங்கள் பக்கத்துக்கு ஒலிவாங்கியைவிட எழுதிச் சேமித்த வாக்கியங்களே நம்பகமானவை. தொண்டை கட்டிய குரலையும் வன்னிப் பேச்சையும் சேர்த்து அது எப்படிக் கேட்கும் என்று சொல்ல முடியாது.

காத்திருக்கும் அறையில் ஒரு சின்ன விசயம். கடவுச்சீட்டில் குடும்பப் பெயராக இருக்கிற பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். எங்கள் பிள்ளைகளில் பலருக்கு அது அப்பாவின் பெயர், அதுவும் டொச் நாக்கில் உருமாறி வரும். தன் பெயர் வருமென்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தால் முறை போய்விடும்.

ஊரிலிருந்து போய் இரண்டு வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால் புறப்பட்ட திகதியை எழுதிக் காட்டுங்கள். டெங்கு நுளம்பு கடித்து நான்கிலிருந்து பத்து நாளுக்குள் காய்ச்சல் தொடங்கும். நீங்கள் சொல்லாவிட்டால் ஜேர்மனி வைத்தியருக்கு அது முதலில் நினைவுக்கு வராமல் போகலாம். "நான் இலங்கையிலிருந்து வந்தேன். டெங்கு இருக்கலாம். இரத்தப் பரிசோதனை செய்ய முடியுமா?" எஃப்பிசி (இரத்த அணுக்களின் எண்ணிக்கைப் பரிசோதனை) என்று நாங்கள் சொல்வது அங்கே புளூட்பில்ட், பிளேட்லட் ட்ரொம்போட்சூட்டன். வயலில் வெறுங்காலோடு இறங்கியிருந்தால் அதையும் சொல்லுங்கள், எலிக்காய்ச்சலாகவும் இருக்கலாம். டெங்கு இல்லையென்று தெரியும்வரை இபுபுரோபெனும் அஸ்பிரினும் வேண்டாம், இரத்தக்கசிவைக் கூட்டும். மருந்துக்கடையில் காய்ச்சல் என்றதும் இபுபுரோபென் எடுத்துத் தருவது அங்கே சாதாரணம்.

மருந்துக்கடையில்தான் செயலி முழுப் பலனையும் தருகிறது. பனடோல் என்று கேட்காமல் பரசிட்டமோல் என்று கேளுங்கள். சவர்க்காரம், ஷாம்பு விற்கிற ட்ரோகரி கடைகளில் அது கிடையாது, ஆப்போதேக்கே என்கிற மருந்துக்கடைக்குத்தான் போக வேண்டும். சீட்டு இல்லாமல் 500 மில்லிகிராம் குளிசை இருபதுக்கு மேல் ஒரு பெட்டியில் தரமாட்டார்கள். தடிமன் மருந்துகளில் பலவற்றில் பரசிட்டமோல் கலந்திருக்கும். கமராவைப் பெட்டியின் மேல் பிடித்து விர்க்ஷ்டொஃப் என்ற வரியைத் தேடுங்கள், உள்ளே என்ன மருந்து என்று சொல்வது அந்த வரிதான். இரண்டு பெட்டியிலும் பரசிட்டமோல் இருந்தால் ஒன்றை விடுங்கள். உள்ளே இருக்கிற மடித்த துண்டுத்தாளை நேரடியாகக் கமராவால் பார்த்தால் எழுத்து துள்ளும், மடிப்பில் வரிகள் கலக்கும். மேசையில் விரித்துப் படமெடுத்து, பிறகு மொழிபெயருங்கள். மருந்தளவை மட்டும் செயலியிடம் விடாதீர்கள். "பெட்டியில் எழுதித் தாருங்கள்" என்று கேட்டால் 1-0-1 என்று எழுதித் தருவார்கள்: காலை ஒன்று, மதியம் இல்லை, இரவு ஒன்று. 2024 தொடக்கம் சட்டபூர்வக் காப்புறுதி உள்ளவர்களுக்கு மருந்துச்சீட்டு மின்வடிவில்தான். காப்புறுதி அட்டையை நீட்டினால் போதும், கையில் தாள் இல்லையே என்று கலங்க வேண்டாம். மருந்துப் பெட்டி ஒன்றுக்கு உங்கள் பங்கு பெரும்பாலும் 5 முதல் 10 யூரோ.

மருந்தே தராமல் "மூன்று நாள் ஓய்வெடுங்கள், தேநீர் குடியுங்கள்" என்று திரையில் வந்தால் அது செயலியின் பிழை இல்லை. சாதாரண வைரஸ் காய்ச்சலுக்கு ஊசியும் கலர் கலராகக் குளிசையும் அங்கே தருவதில்லை.

அவசரத்தில் செயலி கைவிடும். அவசர இலக்கமான 112 இல் பேசிக்கொண்டே அதே போனில் மொழிபெயர்ப்பது நடக்கிற காரியம் இல்லை. விலாசத்தையும் இரண்டு சொல்லையும் மனப்பாடமாக வைத்திருங்கள்: மூச்சுத்திணறலுக்கு ஆட்டெம்நோட், நெஞ்சுநோவுக்கு ப்ரூஸ்ட்ஷ்மெர்ட்ஸன். உயிராபத்து இல்லாத இரவுக் காய்ச்சலுக்கும் வார இறுதிக்கும் 116117 என்ற இலக்கத்தை அழையுங்கள். வைத்தியசாலையில் சம்மதப் படிவம் தந்தால், கமராவில் தெரிகிற அரைகுறைத் தமிழை நம்பிக் கையெழுத்து வைக்காதீர்கள். நோயாளிக்கு விளங்கும்படி விளக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். "இஷ் ஹாபே எஸ் நிஷ்ட் ஃபெர்ஷ்டாண்டன்", எனக்கு விளங்கவில்லை, என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.

போனில் சார்ஜ் தீர்ந்தாலும் தீராத ஒரு தாளும் வேண்டும். ஏ4 தாளை நடுவில் கோடிட்டு, இடப்பக்கம் தமிழ், வலப்பக்கம் டொச். ஒவ்வாமை, வழக்கமாகப் போடுகிற மருந்துகளின் மூலப்பெயர், முன்பு செய்த சத்திரசிகிச்சை, அவசரத்துக்கு அழைக்க வேண்டியவர். ஊரில் இருக்கும்போதே டொச் வகுப்பு ஆசிரியரிடம் காட்டித் திருத்திக்கொள்ளுங்கள். கிளினிக் கொப்பியையும் டயக்னோசிஸ் கார்டையும் படமெடுத்துப் போனில் வையுங்கள்.

அந்தத் தாளின் முதல் வரியாக வன்னிப் பிள்ளைகளில் சிலர் எழுத வேண்டியது ஒன்று இருக்கிறது. போரில் பட்ட செல் (எறிகணை) துண்டு உடம்பில் இருப்பவர்கள். எம்ஆர்ஐ (காந்த ஸ்கேன்) எடுக்கும் முன் "உடலில் உலோகம் உள்ளதா?" என்று படிவத்தில் கேட்பார்கள். காந்தம் இழுக்கக்கூடிய இரும்புத்துண்டு கண்ணிலோ பெரிய இரத்தக்குழாயின் அருகிலோ இருந்தால் அசைந்து காயப்படுத்தலாம். பச்சைக்குழந்தையில் பட்டது, நோவில்லை, பிள்ளைக்கே மறந்துபோயிருக்கும். புறப்பட முன் அம்மா அப்பாவிடம் ஒருமுறை கேளுங்கள். நாங்கள் "பீஸ் இருக்கு" என்று சொல்வோம், செயலி அதைக் கட்டணம் என்று நினைக்கலாம். "என் உடலில் உலோகத் துண்டு உள்ளது" என்று எழுதுங்கள். டொச்சில்: "இஷ் ஹாபே மெட்டால்ஷ்ப்ளிட்டர் இம் கேர்ப்பர்." எந்த இடம், எந்தப் பக்கம் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். முல்லைத்தீவு மாஞ்சோலை வைத்தியசாலையிலோ கிளிநொச்சியிலோ எடுத்த எக்ஸ்ரே வீட்டில் இருந்தால் அதையும் பயணப்பையில் வையுங்கள். இல்லையென்றால் விமானம் ஏறுவதற்கு முன் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள்.